முதல் மல்டிடூலை வாங்கும் முன்

கத்தி, கத்தரிக்கோல், திருப்புளி எனப் பல கருவிகள் ஒன்றாக மடங்கியிருக்கும் மல்டிடூலை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எண்ணிப் பார்ப்பது அதில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்பதைத்தான். பன்னிரண்டைவிடப் பதினெட்டு மேல், பதினெட்டைவிட முப்பது மேல் என்று மனம் கணக்குப் போடும். முப்பது கருவிகள் கொண்டதோ கால்சட்டைப் பையில் செங்கல்லாகக் கனக்கும். சில நாட்களில் அது மேசை இழுப்பறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதன் பிறகு பார்சலைப் பிரிக்கப் பழையபடி பல்லையும் சாவியையும்தான் நம்ப வேண்டும். தேவைப்படும் நேரத்தில் கையில் இல்லாத கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சிறியதையே பரிந்துரைக்கிறேன். சிறியவற்றிலும் எதை, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் வேலைகளைக் கவனியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் பொறுத்திருங்கள். அந்த வாரத்தில் எப்போதெல்லாம் நகத்தையோ பல்லையோ சாவியையோ நாணயத்தையோ கருவியாகப் பயன்படுத்தினீர்கள் என்பதைக் கைபேசியில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பார்சல் டேப், புதுச் சட்டையின் விலைச்சீட்டு, பிரிந்து தொங்கும் நூல், கிழிக்க வராத மருந்து உறை, தளர்ந்த மூக்குக்கண்ணாடித் திருகாணி, பொம்மையின் பேட்டரி மூடி, விரலில் ஏறிய சிராய், ஒடிந்த நகம்: பெரும்பாலானோரின் பட்டியல் இப்படித்தான் இருக்கும்.

பட்டியலைப் படித்தால் ஒன்று புலப்படும். பெரும்பாலானவை வெட்டும் வேலைகள். அதிலும் கத்தியைவிடக் கத்தரிக்கோலுக்குப் பொருத்தமானவை. அடுத்து வருவது திருகாணி. குறடு வேண்டிய வேலை எப்போதாவதுதான் வரும், ஆனால் வந்தால் வேறு எதை வைத்தும் சமாளிக்க முடியாது. சைக்கிள் ஓட்டுபவர், மின்கம்பிகளோடு பழகுபவர், தையல் வேலை செய்பவர் ஆகியோரின் பட்டியல்கள் வேறாக இருக்கும். பொதுவான பரிந்துரைகளைக் காட்டிலும் உங்கள் பட்டியல் சொல்வதே சரி.

இரண்டாம் படி: இரண்டு குடும்பங்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

சந்தையில் நூற்றுக்கணக்கான வகைகள் இருந்தாலும் பெரும்பாலானவை இரண்டு குடும்பங்களில் அடங்கிவிடும்.

ஒன்று, பேனாக்கத்திக் குடும்பம். சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் தம் நாட்டுப் படைவீரர்களுக்கு 1891-இல் மடக்குக் கத்தி செய்து கொடுக்கத் தொடங்கினார். 1897-இல் அதிகாரிகளுக்கென்று எடை குறைந்த ஒரு கத்தியை உருவாக்கினார். அதில் இருந்த நுட்பம் எளிமையானது: கைப்பிடியின் முதுகில் இருக்கும் ஒரே ஸ்பிரிங், மேல்பக்கக் கருவிகளையும் கீழ்ப்பக்கக் கருவிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் தடிமன் கூடாமலேயே கருவிகளைக் கூட்ட முடிந்தது. இன்று விக்டோரினாக்ஸ் என்று நாம் அறியும் நிறுவனம் அவர் தொடங்கியதுதான்.

மற்றொன்று, குறட்டுக் குடும்பம். அமெரிக்கரான டிம் லெதர்மன் 1975-இல் தம் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். வழியெல்லாம் காரும் விடுதிக் குழாய்களும் ரிப்பேர் வேலை வைத்தன. கையில் பேனாக்கத்தி இருந்தது. ஆனால் அவர் ஏங்கியது ஒரு குறட்டுக்காக. ஊர் திரும்பியதும் கருவியை வடிவமைக்கத் தொடங்கினார். அது விற்பனைக்கு வந்தது 1983-இல். குறட்டை நடுவில் வைத்து, அதன் இரு கைப்பிடிகளுக்குள் மற்றக் கருவிகளை மடக்கி வைக்கும் அமைப்பு அது.

இந்த இரண்டுக்கும் நடுவில் கத்தரிக்கோலையே மையமாகக் கொண்ட ஒரு வகை உண்டு. லெதர்மனின் மைக்ரா அதற்கு நல்ல உதாரணம். ஒரே தகடாக, அசையும் பாகமே இல்லாமல் சாவிக்கொத்தில் தொங்கும் கருவிகளும் இருக்கின்றன. பாட்டிலைத் திறப்பதற்கும் நெம்புவதற்கும் அவை போதும். முதல் கருவியாக அவற்றை வாங்கச் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் படி: எங்கே வைத்துக்கொள்வீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். சாவிக்கொத்தில் என்றால் மடக்கிய நீளம் 60 மில்லிமீட்டர் அளவிலும் எடை 20 முதல் 30 கிராமுக்குள்ளும் இருப்பது நல்லது. விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி 58 மில்லிமீட்டர் நீளம், 22 கிராமுக்குள் எடை. சாவிகளோடு சேர்ந்து கிடந்தால் அது இருப்பதே மறந்துபோகும். கால்சட்டைப் பை என்றால் 50, 60 கிராம்வரை உறுத்தாது. மைக்ராவும், கெர்பர் நிறுவனத்தின் சிறு குறட்டு வகையான டைமும் ஏறக்குறைய இந்த எடைதான். 142 கிராம் எடையுள்ள லெதர்மன் ஸ்கெலிடூல், 241 கிராம் எடையுள்ள வேவ் பிளஸ் போன்றவற்றுக்குக் கிளிப்போ இடுப்பு உறையோ வேண்டும். அவை வேறு ஒரு தேவைக்கானவை.

நீளத்தைவிடத் தடிமன்தான் தொந்தரவு கொடுக்கும். பேனாக்கத்தியை விளிம்புப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். கருவி கூடக் கூட அடுக்கு கூடும், பை புடைக்கும். விளம்பரப் படங்களில் பெரும்பாலும் முகப்பை மட்டுமே காட்டுவதால் இது கண்ணில் படாது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். நிறுவனம் குறிப்பிடும் நீள அகலத்துக்கு அட்டைத் துண்டுகளை வெட்டி, அதே தடிமன் வரும்வரை அடுக்குங்கள். எடைக்கு நடுவில் சில நாணயங்களைச் செருகி டேப் சுற்றுங்கள். இரண்டு மூன்று நாட்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டு உட்காருங்கள், நடங்கள், படியேறுங்கள். இடையில் எடுத்து வெளியே வைத்துவிட்டீர்கள் என்றால் அந்த அளவு உங்களுக்கு ஒத்துவராது.

நான்காம் படி: ஒவ்வொரு கருவியாகப் பாருங்கள்

கத்தரிக்கோலிலிருந்து தொடங்குகிறேன். சிறிய மல்டிடூலில் மிக அதிகம் உழைப்பது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கத்தியைப் பொது இடத்தில் விரித்தால் பக்கத்தில் இருப்பவர் துணுக்குறலாம். கத்தரிக்கோலை யாரும் பொருட்படுத்துவதில்லை. நூல், நகம், விலைச்சீட்டு, பிளாஸ்டிக் உறை, பிளாஸ்திரி எல்லாம் அதன் வேலைகள்.

நல்ல கத்தரிக்கோலைக் கண்டுபிடிக்கக் கண்ணும் ஒரு நூலும் போதும். மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு எதிராக, விளிம்பு தெரியும்படி பிடியுங்கள். இரண்டு அலகுகளும் நுனியில் ஒன்றையொன்று தொட வேண்டும். நடுவில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் கசியலாம். அலகுகளைச் சற்றே வளைத்துச் செய்வதால் வருவது அந்த இடைவெளி. அதைக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். வெட்டும்போது அலகுகள் சந்திக்கும் புள்ளி அடியிலிருந்து நுனிவரை நகர்ந்து போக அந்த வளைவுதான் காரணம். அடுத்து, ஒற்றை நூலை நுனியில் மட்டும் பிடித்து வெட்டுங்கள். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பையின் ஓரத்தை வெட்டுங்கள். நூல் அலகுகளுக்கு நடுவே மடங்கிச் சிக்கினாலோ பிளாஸ்டிக் கசங்கினாலோ அதை வாங்காதீர்கள். புதிதிலேயே நுனி வெட்டாத கத்தரிக்கோல் போகப் போகத் தேறிவிடாது.

கத்தரிக்கோலைத் திரும்ப விரிக்கும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். 58 மில்லிமீட்டர் கத்திகளில் அது ஒரு மெல்லிய இலை போல இருக்கும். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு ஒடிவது பெரும்பாலும் அதுதான். தனியாக வாங்கி மாற்றக்கூடிய அமைப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மைக்ராவில் முழுக் கருவியுமே கத்தரிக்கோலின் கைப்பிடியாக மாறுவதால், கை பெரிதாக உள்ளவர்களுக்கும் விரல் வலிக்காது. கத்தரிக்கோல்தான் உங்கள் முதல் தேவை என்றால் சிறியவற்றில் அதற்கு இணையாக எதையும் நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து திருப்புளி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் ‘திருப்புளி’ என்று போட்டிருக்கும், எந்த அளவு என்று இருக்காது. தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளம் உள்ள ஸ்டார் திருகாணிகளில் 00, 0, 1, 2 என்று அளவுகள் உண்டு. பொம்மை, ரிமோட், பேட்டரி மூடி போன்றவற்றில் பெரும்பாலும் 0 அல்லது 1 வரும். அலமாரிக் கீல், சுவிட்ச் பலகை போன்றவற்றில் 2 வரும். அளவு பொருந்தாத முனையை வைத்து அழுத்தித் திருகினால் திருகாணியின் தலை தேய்ந்து வழவழப்பாகிவிடும். பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. வீட்டில் அடிக்கடி கழற்றும் திருகாணி ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

கிளாசிக் எஸ்டியில் நக அரத்தின் நுனியே 2.5 மில்லிமீட்டர் தட்டைத் திருப்புளியாக இருக்கும். சிறிய ஸ்டார் திருகாணிகள் சிலவற்றையும் அது திருப்பிவிடும். ஆனாலும் திருகாணி வேலை அடிக்கடி வருகிறவர்கள் அதே 58 மில்லிமீட்டரில் ராம்ப்ளர் வகையைப் பார்க்கலாம். ஓர் அடுக்கு கூடுதல், எடை சுமார் 30 கிராம். பாட்டில் திறப்பானும் காந்தமேறிய ஸ்டார் திருப்புளியும் சேர்ந்து கிடைக்கும். கீழே விழுந்த சின்னத் திருகாணியை அந்தக் காந்த முனையே பொறுக்கி எடுத்துக்கொடுக்கும்.

திருப்புளி எந்த இடத்திலிருந்து விரிகிறது என்பதும் முக்கியம். கைப்பிடியின் முனையிலிருந்து நேராக நீண்டால் ஆழமான குழிக்குள் இருக்கும் திருகாணி எட்டும். முதுகிலிருந்து செங்குத்தாக விரிந்தால் முறுக்க நல்ல பலம் கிடைக்கும், ஆனால் ஒடுங்கிய இடத்தில் நுழையாது.

குறடு வேண்டும் என்று உங்கள் பட்டியல் சொன்னால் மட்டும் குறட்டுக் குடும்பத்துக்குப் போங்கள். சிறிய குறட்டின் மூக்கை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் நுனிகள் பொருந்தி நிற்க வேண்டும். நுனியில் இடைவெளி இருந்தால் மெல்லிய கம்பியைப் பிடிக்காது. ஒரு தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நழுவாமல் வந்தால் சரி. கைவிட்டதும் தானாக விரியும் ஸ்பிரிங் இருந்தால் ஒரு கையால் வேலை செய்யலாம். கம்பி வெட்டும் பகுதி செம்பு போன்ற மென்மையான கம்பிக்கு மட்டும். கெட்டியான எஃகுக் கம்பியை வெட்ட முயன்றால் விளிம்பில் பள்ளம் விழும். அது ஆறாத வடு. சிறிய குறட்டால் இறுகிப்போன நட்டைக் கழற்ற முடியும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

கத்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அன்றாட வேலைக்கு நான்கு சென்டிமீட்டர் அலகு தாராளமாகப் போதும். சாமணம் கண்டிப்பாக வேண்டும். சிராயும் முள்ளும் ஏறும்போது அதன் அருமை தெரியும். குத்தூசி தோல்வாரில் துளை போட உதவும். தக்கைத் திருகியில் பாட்டில் திறப்பதைவிட, அதன் சுருளுக்குள் திருகி வைக்கக்கூடிய குட்டித் திருப்புளிதான் பலருக்குப் பயன்படுகிறது. மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விளக்கு, பென்டிரைவ் போன்றவை சேர்ந்த வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். எஃகு பல பத்தாண்டுகள் நிலைக்கும். பேட்டரியும் மின்சுற்றும் அப்படி நிலைப்பதில்லை. செத்துப்போன பாகத்தைக் காலம் முழுக்கச் சுமக்க நேரும்.

ஐந்தாம் படி: எஃகும் பூட்டும்

எஃகின் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். சிறிய மல்டிடூல்களில் பயன்படுவது பெரும்பாலும் துருவை நன்றாகத் தாங்கும், ஓரளவு மென்மையான எஃகு. எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவீட்டில் சொல்வார்கள், எண் கூடினால் கடினம் கூடும். விக்டோரினாக்ஸ் கத்தி அலகின் கடினம் அதில் ஏறத்தாழ 56. கத்தரிக்கோலும் நக அரமும் 53, திருப்புளியும் டப்பா திறப்பானும் 52, ஸ்பிரிங் 49. வேலைக்குத் தகுந்தபடி வேண்டுமென்றே வைத்த வேறுபாடு இது. அலகு கூராக நிற்க வேண்டும். திருப்புளியோ முறுக்கும்போது ஒடியாமல் கொஞ்சம் நெகிழ வேண்டும். கடினம் மிகுந்த எஃகு நெடுநாள் கூர் மங்காமல் இருக்கும். ஆனால் சாணை பிடிக்கப் பழக்கம் வேண்டும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்குச் சில நிமிடங்களில் கூரேறும் மென்மையான எஃகே தோது.

சிறிய கத்திகளில் பெரும்பாலும் பூட்டு இருக்காது. ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகை விரித்து வைத்திருக்கும். அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் அது விரலை நோக்கி மடங்கிவிடும். ஆகவே நுனியால் குத்தாதீர்கள், துளையிடாதீர்கள். விளிம்பால் மட்டும், உடலிலிருந்து விலகிய திசையில் வெட்டுங்கள். குத்தூசிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அப்படியானால் பூட்டுள்ளதை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கே சட்டம் குறுக்கிடுகிறது.

ஆறாம் படி: சட்டமும் பயணமும்

நாட்டுக்கு நாடு விதிகள் வேறு. பிரிட்டனில் வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். அதே அளவில் பூட்டு இருந்தால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். இப்படிச் சில மில்லிமீட்டரிலும் ஒரு சிறு பூட்டிலும் நிலைமை மாறிவிடுவதால், நீங்கள் வசிக்கும் இடத்தின் சட்டத்தைப் படித்த பிறகே பணம் கொடுங்கள். நீதிமன்றம், பள்ளி, விளையாட்டரங்கம் போன்ற இடங்களில் எவ்வளவு சிறிய அலகுக்கும் அனுமதி கிடைக்காமல் போகலாம்.

விமானத்தில் கைப்பைக்குள் அலகுள்ள எதையும் வைக்காதீர்கள். அமெரிக்காவில் சிறிய கத்திகளை அனுமதிக்கப்போவதாக 2013-இல் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதால் நடைமுறைக்கு வரும் முன்பே கைவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் ஆறு சென்டிமீட்டர்வரை இடமிருந்தாலும், சோதனை மேடையில் நிற்கும் அதிகாரியின் முடிவே இறுதி. சாவிக்கொத்தில் தொங்குவதுதான் பெரும்பாலும் பறிபோகிறது, ஏனென்றால் அது அங்கே இருப்பதே நினைவில் இருக்காது. பயணத்துக்கு முந்தைய இரவே கழற்றிச் சரக்குப் பெட்டியில் வையுங்கள். எளிதில் கழற்றக்கூடிய கொக்கி ஒன்றைச் சாவி வளையத்தோடு சேர்த்துக்கொண்டால் இந்தப் பழக்கம் சுலபமாக வரும். அடிக்கடி பறக்கிறவர்களுக்கு அலகே இல்லாத வகைகள் இருக்கின்றன. விக்டோரினாக்ஸின் ஜெட்செட்டர் அப்படிப்பட்டது.

ஏழாம் படி: கையில் எடுத்துச் சோதியுங்கள்

முடிந்தவரை நேரில் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு கருவியையும் நகத்தால் இழுத்துத் திறந்து, முழுவதும் விரியும்போது ‘டக்’ என்று அழுத்தமாக உட்காருகிறதா என்று கேளுங்கள். மூடும்போதும் அதே சத்தம் வர வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் அலகு ஆடக் கூடாது. கைப்பிடியை வெளிச்சத்தில் பிடித்தால் ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் இடையே ஒளி தெரியக் கூடாது. எல்லாவற்றையும் மூடிவிட்டு விரலை விளிம்பெங்கும் ஓட்டுங்கள். பிசிறோ கூர்முனையோ தட்டுப்பட்டால் அது பைத்துணியைக் கிழித்துவிடும்.

நகப்பள்ளத்தைத் தனியாகக் கவனியுங்கள். நகம் மெல்லியவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் சில கத்திகள் திறக்கவே வராது. வயதானவருக்குப் பரிசளிக்கப்போகிறீர்கள் என்றால் அவர் கையாலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பேர்பெற்ற வகைகளுக்குப் போலிகள் உண்டு. அலகின் அடியில் நிறுவனத்தின் முத்திரை தெளிவாக அச்சாகியிருக்கிறதா, சாமணமும் பல்குத்தியும் கைப்பிடியில் அவற்றுக்கான இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மூலப்பொருளிலும் தயாரிப்பிலும் உள்ள குறைகளுக்கு விக்டோரினாக்ஸ் ஆயுட்கால உத்தரவாதம் தருகிறது. லெதர்மன் 25 ஆண்டுகளுக்குத் தருகிறது. போலிக்கு இவை எதுவும் கிடையாது.

எல்லாம் படித்த பிறகும் குழப்பம் தீரவில்லை என்றால் என் பரிந்துரை இது: கத்தரிக்கோல், சாமணம், நக அரம், சிறு அலகு உள்ள 58 மில்லிமீட்டர் கத்தியோடு தொடங்குங்கள். பேட்டரி மூடிகள் உங்களைப் படுத்துகின்றன என்றால் ராம்ப்ளர். குறடு இல்லாமல் ஆகாது என்றால் டைம் போன்ற சிறு குறடு. பையில் இடமிருந்து, கைக்கு நிறைவான பிடியும் வேண்டும் என்றால் 84 மில்லிமீட்டர் நீளமுள்ள, அலுமினியக் கைப்பிடி கொண்ட விக்டோரினாக்ஸ் கேடட். மிக மெல்லியது, 50 கிராமைத் தொடாது, ஆனால் அதில் கத்தரிக்கோல் இல்லை.

வாங்கிய பிறகு

முதல் சில நாட்கள் வீட்டிலேயே எல்லாக் கருவிகளையும் திறந்து மூடிப் பழகுங்கள். கண்ணால் பார்க்காமலே எது எங்கே என்று விரலுக்குத் தெரிய வேண்டும். கத்தி அலகை நெம்புகோலாகவோ திருப்புளியாகவோ பயன்படுத்துவதில்லை என்று அன்றே முடிவெடுத்துக்கொள்ளுங்கள். சிறிய அலகுகளின் நுனி ஒடிவது பெரும்பாலும் அப்படித்தான்.

பையில் இருக்கும் கத்திக்குள் நூல்துகளும் தூசும் சேரும். திறப்பது கடினமானால் வெதுவெதுப்பான சோப்புநீரில் முக்கி, நீருக்குள்ளேயே பலமுறை திறந்து மூடுங்கள். பழைய பல்துலக்கியால் மூட்டுகளைத் தேயுங்கள். நன்றாக உலர்த்திய பிறகு மூட்டுக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு, வழிவதைத் துடைத்துவிடுங்கள். உணவை வெட்டும் கத்தி என்றால் உணவுக்கு ஏற்ற மினரல் எண்ணெயே நல்லது. சமையல் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசியை ஒட்டவைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றாலும் உப்புநீர் பட்டால் புள்ளி விழும். கடற்கரையிலிருந்து திரும்பியதும் நல்ல நீரில் அலசுங்கள்.

அலகு மழுங்கினால் நுண்ணிய சாணைக்கல்லில், பக்கத்துக்குப் 15 முதல் 20 பாகைச் சாய்வில், இரு பக்கமும் சம தடவை இழுத்தால் போதும். கத்தரிக்கோலை இப்படித் தேய்க்காதீர்கள், அதன் விளிம்பின் கோணம் வேறு. சாமணமும் பல்குத்தியும் தொலைந்தால் தனியாகவே கிடைக்கும். 58 மில்லிமீட்டர் கத்திக்குச் சிறிய அளவு, 91 மில்லிமீட்டருக்குப் பெரிய அளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.